மலைமேல் ஒரு சீமை மாளிகை

சூலூர் ரோடு நிலையத்தின் வழியே செல்லும் இருப்புப் பாதைக்கு வயது நூற்றறுபதைக் கடந்துவிட்டது. சென்னையில் புறப்பட்டு, ஈரோடு, திருப்பூர், சோமனூர் எனக் கொங்கு நாட்டின் நடுவே ஓடி, போத்தனூரைத் தொட்டு, மேற்குக் கடற்கரையில் பேப்பூர் வரை சென்ற பாதை அது. 1862-ஆம் ஆண்டில் முழுமை பெற்றது. 1873-இல் போத்தனூரிலிருந்து மேட்டுப்பாளையத்திற்கு ஒரு கிளையும் போடப்பட்டது. 1870 முதல் உதகமண்டலம் சென்னை அரசின் கோடைத் தலைநகராயிருந்தபடியால், வெயில் ஏறத் தொடங்கியதும் ஆளுநரும் அவருடைய ஆலோசனைச் சபையினரும் எழுத்தர்களும் காகிதக் கட்டுகளும் இவ்வழியேதான் மேற்கு நோக்கிப் பயணமாவர். நம் சோளக் காடுகளையும் பருத்திக் காடுகளையும் வண்டியின் சாளரம் வழியே கண்டுகொண்டு போனவர்கள், மலையேறியதும் தம் தாய்நாட்டில் விட்டுவந்த வீடுகளைப் போன்ற வீடுகளை அங்கே கட்டிக்கொண்டார்கள். அவற்றுள் தலையாயது, அரசினர் தாவரவியல் பூங்காவிற்கு மேலே மரங்களிடையே நிற்கும் ஆளுநர் மாளிகை.

மே மாதத்தில் மலர்க் காட்சி காண நம் பங்குகளிலிருந்து குடும்பம் குடும்பமாக உதகைக்குச் செல்கிறோம். மலரைக் கண்டு, ஏரியில் படகேறி, வர்க்கியும் தைலமும் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுகிறோம். மலர்ப் பாத்திகளுக்கு மேலே நிற்கும் வீட்டை ஏறிட்டுப் பார்ப்பவர் சிலரே. அவ்வீட்டின் கதையில் நம் முன்னோருக்கும் ஒரு பங்கு உண்டு. அது மகிழ்ச்சியான பங்கன்று.

முதலில், ஆங்கிலேயரின் நாட்டுப்புற மாளிகை என்பது எத்தகையது என அறிந்துகொள்வது நலம். அது நகரத்து அரண்மனையன்று, கோட்டையுமன்று. பல்லாயிரம் ஏக்கர் நிலத்திற்கு உரிய ஒரு பிரபு, அந்நிலத்தின் குத்தகைப் பணத்தைக் கொண்டு, அந்நிலத்தின் நடுவிலேயே எழுப்பிக்கொள்ளும் வீடு. மேட்டுப் பாங்கான இடத்தில் நிற்கும். வாயிற்கதவிலிருந்து வீட்டை அடைய நெடுந்தொலைவு மரச்சாலை வழியே வர வேண்டும். வருகிறவன் ஒவ்வோர் அடியிலும் அவ்வீட்டைக் கண்டு தன் சிறுமையை உணர வேண்டும் என்பதே அச்சாலையின் நோக்கம் என்று சொன்னால் மிகையாகாது. முகப்பில் கிரேக்க, உரோமைக் கோயில்களைப் போன்று உயர்ந்த தூண்களும், அவற்றின் மீது முக்கோண முகடும் அமைந்திருக்கும். உள்ளே ஒவ்வோர் அறையிலும் கணப்பு. கூரையின் மீது வரிசை வரிசையாகப் புகைபோக்கிகள். பணியாளர் நடமாடுவதற்குப் பின்புறத்தில் தனிப் படிக்கட்டு. விருந்தினர் கண்ணில் அவர்கள் படலாகாது.

நம் கொங்கு நாட்டுத் தொட்டிக்கட்டு வீட்டை இதனருகே வைத்துப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். தொட்டிக்கட்டு வீடு உள்நோக்கியது. நான்கு புறமும் தாழ்வாரம். நடுவே வானம் பார்த்த தொட்டி. நாற்புறக் கூரையின் மழைநீரும் வீட்டின் மடியிலேயே வந்து விழும். வெயிலை வெளியே நிறுத்தி, ஒளியை மட்டும் உள்ளே விடுவது அதன் சூட்சுமம். செல்வத்தைத் தெருவுக்குக் காட்டுவதில் அதற்கு அத்துணை நாட்டமில்லை. ஆசாரத்துத் தூணின் வேலைப்பாடு உள்ளே வந்தவருக்கே தெரியும். ஆனால் தெருவுக்கு ஒரு திண்ணையைத் தந்துவிடும். யாரென்று தெரியாத வழிப்போக்கனும் அதில் அமரலாம். ஒரு செம்பு தண்ணீர் கேட்கலாம். எல்லா வழிப்போக்கர்க்கும் எல்லாத் திண்ணையும் திறந்திருந்ததில்லை என்பதும் உண்மையே, அதை மறைப்பதற்கில்லை. ஆயினும் திண்ணை என்ற ஒன்று கட்டடக் கலையில் இடம்பெற்றிருந்தது. சீமை மாளிகையின் முகப்பில் எத்தனை தூண்கள் இருந்தாலும் வழிப்போக்கன் அமர ஓரிடம் இராது.

உதகையில் எழுந்த முதல் ஐரோப்பிய வீடு இத்தகைய பெருமாளிகையன்று. கோயமுத்தூர் மாவட்ட ஆட்சியராயிருந்த ஜான் சல்லிவன் கட்டிய கல் வீடு அது. 1819-ஆம் ஆண்டு சனவரியில் அவர் முதன்முறையாக மலையேறினார். அவ்வாண்டிலேயே கோத்தகிரியை அடுத்த கன்னேரிமுக்கில் ஒரு வீடும் கட்டினார். பின்னர் உதகையின் பள்ளத்தாக்கைக் கண்டு மயங்கி, தோடர்களிடமிருந்து ஏக்கர் ஒரு ரூபாய் விலையில் நிலம் பெற்று, 1822-இல் கல் வீட்டைத் தொடங்கினார். மறு ஆண்டில் அது முடிந்தது. மலைமக்கள் அதனைக் கல் பங்களா என்றனர். சக்கர வண்டி ஏறும் குன்னூர்ப் பாதை 1830-களில்தான் ஆயத்தமாயிற்று. அதற்கு முன்பு சிறுமுகையிலிருந்து கோத்தகிரி வழியாகச் செல்லும் மலைத்தடம் ஒன்றே உண்டு. எனவே அவ்வீட்டிற்குக் கீழிருந்து வந்த பொருள் ஒவ்வொன்றும் ஆள் தலையிலோ எருதின் முதுகிலோ ஏறியிருக்க வேண்டும்.

சல்லிவனைப் பற்றி ஒரு சொல். அவர் தம் வீட்டிற்கும் தோட்டத்திற்கும் நிலம் மிகுதியாக வளைத்துக்கொண்டார் என்ற குறை அன்றே இருந்தது. எனினும், மலை நிலத்தில் தோடர்க்குரிய உரிமையை அரசு ஏற்க வேண்டும் என்று மேலிடத்தோடு வாதாடியவரும் அவரே. உருளைக்கிழங்கையும் பிற சீமைக் காய்கறிகளையும் மலையில் பயிரிடச் செய்தார், ஏரியை அமைத்தார். அவருடைய மனைவி ஹென்றியெட்டாவும் மகள் ஒருத்தியும் 1838-இல் இறந்து, உதகை புனித ஸ்தேவான் ஆலயக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கமாயினர். மலையின் நற்காற்று உடல்நலம் தரும் என்று உலகுக்கு அறிவித்தவர் தம் வீட்டிலேயே இருவரை இழந்தார். கல் வீடு இன்று உதகை அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் உள்ளது. கல்லூரி அங்கு 1955-இல் தொடங்கியது. 2022 மே மாதத்தில், உதகையின் இருநூறாம் ஆண்டு விழாவையொட்டி, சல்லிவனுக்கு அவ்வூரில் சிலையும் எழுப்பப்பட்டது.

அந்த ஸ்தேவான் ஆலயம் நம் சபையைச் சேர்ந்ததன்று; ஆங்கிலிக்கத் திருச்சபையினர் எழுப்பியது. ஆயினும் கட்டடக் கலையில் ஆர்வமுடையோர் உள்ளே சென்று மேலே நோக்க வேண்டும். அதன் பெரும் உத்திரங்கள் திப்பு சுல்தானின் சீரங்கப்பட்டண லால் பாக் அரண்மனையைக் கலைத்து, யானைகளின் துணையோடு மலைக்குக் கொண்டுவரப்பட்டவை. 1830-இல் அருள்பொழிவு பெற்ற அவ்வாலயத்தின் கூரையைத் தாங்குவது தோற்ற மன்னனின் வீட்டு மரம்! வெளித்தோற்றம் ஆங்கில நாட்டுச் சிற்றூர்க் கோயில். எலும்புக்கூடு மைசூர் அரண்மனை. உதகையின் பழங்கட்டடங்கள் பலவற்றுக்கும் இது ஒரு திறவுகோல்.

இவர்களுக்கெல்லாம் முன்னரே, 1603-ஆம் ஆண்டில், மலையாளக் கரையிலிருந்து இயேசு சபைக் குரு ஒருவர் இம்மலையை ஏறினார். இத்தாலியரான தந்தை ஜாக்கோமோ ஃபெனீசியோ அவர். மலைமேல் பண்டைக் கிறிஸ்தவர்களின் வழிவந்தோர் வாழ்கின்றனர் என்ற செய்தியை ஆராய வந்தவர், கிறிஸ்தவர்களைக் காணவில்லை, தோடர்களைக் கண்டார். அவர்களுடைய எருமைகளையும் வழக்கங்களையும் குறித்து எழுதிய மடலே தோடர்களைப் பற்றி ஐரோப்பியர் எழுதியவற்றுள் முதன்மையானது. அவர் வீடு ஏதும் கட்டவில்லை. வந்த வழியே இறங்கிப் போனார்.

இனி, பூங்காவிற்கு மேலுள்ள மாளிகைக்கு வருவோம். அதன் மூலத்தைத் தேட வேண்டுமாயின் இங்கிலாந்தின் பக்கிங்ஹாம் நாட்டுப்புறத்திலுள்ள ஸ்டோவ் மாளிகைக்குச் செல்ல வேண்டும். ஏனெனில் உதகை மாளிகையைக் கட்டுவித்த ஆளுநர், பக்கிங்ஹாம்–சாண்டோஸ் கோமகன், பிறந்த குடிக்குரிய வீடு ஸ்டோவ். தம் குலமனையின் சாயலிலேயே மலை மாளிகையின் தூண் முகப்பை அவர் அமைக்கச் செய்தார் என்பது உதகையைப் பற்றி எழுதியோர் பலரும் சொல்லிவரும் செய்தி.

ஸ்டோவில் முதல் வீட்டைக் கட்டியவர் சர் ரிச்சர்டு டெம்பிள் என்பார். 1677-இல் தொடங்கியது வேலை; வெறும் செங்கல் வீடுதான். அவருடைய மகனும், மகனுக்குப் பின் வந்தோரும் ஒரு நூற்றாண்டுக் காலம் அதனை நீட்டியும் உயர்த்தியும் போர்த்தியும் வந்தனர். வான்பரோ, வில்லியம் கென்ட், இராபர்ட் ஆடம் முதலிய பேர்பெற்ற சிற்பிகள் அங்கே கைவைத்தனர். ஆடம் 1771-இல் வரைந்த திட்டத்தைச் சற்றே மாற்றிக் கட்டியதுதான் இன்று காணும் தெற்கு முகப்பு. நடுவே கொரிந்தியத் தூண்கள் ஆறு, இருபுறமும் சிறகு விரித்தாற்போலச் சாளர வரிசைகள், அகன்ற படிகள். படிகளில் நின்று பார்த்தால் புல்வெளி சரிந்து ஏரியில் இறங்கும்; அதற்கப்பால் வானத்தைத் தொட்டு நிற்கும் ஒரு வளைவு வாயில். முகப்பைக் கடந்தால் உரோமையின் பாந்தியனை நினைவூட்டும் நீள்வட்டக் கூடம். அதைச் சுற்றிச் செம்பளிங்குத் தூண்கள் பதினாறு. பளிங்கு என்று கண் நம்பும். கையால் தட்டினால்தான் அவை பளிங்குபோல் மெருகேற்றிய சாந்துத் தூண்கள் என்பது தெரியும். செட்டிநாட்டு முட்டைச் சாந்துச் சுவரைத் தடவிப் பார்த்த நமக்கு இவ்வித்தை புதிதன்று.

அக்குடும்பத்தின் பெயரான டெம்பிள் என்பதற்குக் கோயில் என்று பொருள். எனவே அவர்கள் தம் குலமொழியாக 84-ஆம் திருப்பாடலின் தொடக்கத்தை இலத்தீனில் எடுத்துக்கொண்டனர். ஆண்டவரின் இல்லத்தின் இனிமையைப் பாடும் அவ்வடி, குடும்பப் பெயரோடு சிலேடையாகப் பொருந்தி நின்றது. அத்துடன் நின்றார்களா? தோட்டமெங்கும் வீனஸ் கோயில், பாக்கஸ் கோயில், பண்டை நற்பண்பின் கோயில், ஒற்றுமைக் கோயில் என்று எழுப்பிக்கொண்டே போனார்கள். ஆண்டவரின் ஆலயமோ மரங்களுக்குள் மறைந்து போயிற்று. ஆம், ஸ்டோவ் என்பது முற்காலத்தில் ஒரு சிற்றூர். தோட்டம் விரிய விரிய அவ்வூரின் வீடுகள் ஒவ்வொன்றாக அகற்றப்பட்டன. எஞ்சியது, திருச்சபைப் பிளவுக்கு முற்பட்ட காலத்தில் கத்தோலிக்க முன்னோர் எழுப்பிய பங்குக் கோயில் ஒன்றே. இன்றும் அது புனித மரியாவின் பெயரோடு, தனக்குரிய ஊர் இல்லாமல், தோட்டத்தின் நடுவே நிற்கிறது. ஊரில்லாப் பங்குக் கோயில் என்பதை எண்ணிப் பார்க்கவே நமக்கு மனம் ஒருவாறாகிறது.

அத்தோட்டத்தில் இன்னொரு புதுமையும் உண்டு. வேலியே தெரியாது. மாளிகையிலிருந்து நோக்கினால் புல்வெளியும் அப்பாலுள்ள மேய்ச்சல் நிலமும் ஒன்றாகவே தோன்றும். உண்மையில் இடையே ஓர் ஆழ்ந்த பள்ளமும், பள்ளத்துக்குள் இறக்கிக் கட்டிய சுவரும் உள்ளன. ஆடுமாடு உள்ளே வாரா. ஆனால் அவற்றைத் தடுப்பது எது என்பது மாளிகையிலிருப்போர் கண்ணுக்குத் தெரியாது. ஹா-ஹா என்பது அதன் பெயர். ஆங்கில நாட்டில் இவ்வகை வேலியை முதலில் அமைத்த தோட்டங்களுள் ஸ்டோவும் ஒன்று.

இத்துணைச் செல்வமும் ஒரே தலைமுறையில் கரைந்தது. இரண்டாம் கோமகன் 1845-இல் விக்டோரியா அரசியாரையே விருந்துக்கு அழைத்தார். மூன்றாண்டுகள் கழித்து, பத்து இலட்சம் பவுனுக்கு மேற்பட்ட கடனுக்காக மாளிகையின் தட்டுமுட்டுகள் ஏலத்துக்கு வந்தன. 1848-இல் நடந்த அந்த ஏலம் நாற்பது நாள்கள் நீடித்தது. படங்கள், சிலைகள், வெள்ளிப் பாத்திரங்கள், திரைச்சீலைகள் எல்லாம் போயின. 1861-இல் அக்கோமகன் உயிர் நீத்தது இலண்டன் பாடிங்டன் இரயிலடி ஓட்டல் ஒன்றில்.

அவருடைய மகனே நம் ஆளுநர். தந்தையின் கடனைத் தீர்ப்பதே தம் இளமையின் தொழிலாகக் கொண்டவர். பிரபுக்கள் கைபடாத வேலை என்று கருதப்பட்ட இரயில்வே நிர்வாகத்தில் இறங்கி, பெரிய கம்பெனி ஒன்றின் தலைவராக உழைத்தார். 1874-இல் மனைவியை இழந்து, தாயற்ற பெண்மக்களோடு 1875 இறுதியில் சென்னைக்கு ஆளுநராக வந்தார். தம் வீட்டின் கூடங்கள் வெறுமையானதைக் கண்ட ஒருவர், அன்னிய மலையில் அவ்வீட்டின் முகத்தை மீண்டும் காண விரும்பினார் என்றால் அதில் மனித இயல்புக்கு மாறானது எதுவுமில்லை. நம்மவர் சிலோனிலும் பினாங்கிலும் பொருளீட்டி வந்து, தாத்தா வாழ்ந்த இடத்தில் வீடு எடுக்கவில்லையா?

ஆனால் அவர் வந்த காலம் பொல்லாத காலம். 1876-இல் பருவமழைகள் பொய்த்தன. தமிழ் ஆண்டுக் கணக்கில் அது தாது ஆண்டு. கொங்கு நாட்டு முதியோர் தாது வருடப் பஞ்சம் என்று சொல்லக் கேட்டிருப்போம். சென்னை மாகாணத்தின் பெரும்பகுதியும் மைசூரும் பம்பாயின் தென்பகுதியும் ஐதராபாத்தும் ஒருசேரக் காய்ந்தன. 1878 வரை நீடித்த அக்கொடுமையில் ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர் என்று மதிப்பிடுகின்றனர். 1871-இல் எடுத்த மக்கட்கணக்கைக் காட்டிலும் 1881-இல் எடுத்த கணக்கில் சென்னை மாகாணத்தின் தொகை குறைந்து நின்றது. பத்தாண்டில் பெருகியிருக்க வேண்டிய நாடு சுருங்கிப்போயிற்று. கொங்கு நாட்டில் இப்பஞ்சத்தைப் பற்றிக் கும்மிப் பாடல்களே எழுந்தன, புலவர் செ. இராசு அவர்கள் இத்தகைய பஞ்சக் கும்மிகளைத் தொகுத்து நூலாக வெளியிட்டுள்ளார்கள். கும்மி என்றால் கைகொட்டி ஆடுவதற்குரிய பாட்டு. பசியையும் கும்மியடித்துத்தான் நம் பெண்கள் நினைவில் வைத்தார்கள்.

அவ்வாண்டுகளை ஒட்டித்தான் உதகையில் ஆளுநர் மாளிகையின் அடித்தளம் எழுந்தது. அதற்கு முன்பு அவ்விடத்தில் நார்வுட் என்ற பெயர் கொண்ட வீடு இருந்தது. அரசு அதனை வாங்கிப் புதிய மாளிகையை எழுப்பியது. மலைச்சரிவைச் சமன்செய்து, பூங்காவும் பள்ளத்தாக்கும் காலடியில் தெரியும்படி நிறுத்தினார்கள். 1840-களின் இறுதியில் மக்ஐவர் என்னும் தோட்டக் கலைஞர் உருவாக்கிய பூங்கா அப்படியே மாளிகையின் முன்றிலாக அமைந்துவிட்டது. ஸ்டோவில் ஒரு நூற்றாண்டில் செய்த வேலை இங்கே ஆயத்தமாகக் காத்திருந்தது. தாழ்நாட்டு பங்களாக்களைப் போல் நாற்புறமும் தாழ்வாரம் வைத்து வெயிலைத் தடுக்கும் வேலை இம்மலையில் தேவையில்லை. இங்கே வெயிலை வரவேற்க வேண்டும். ஆகவே பெரிய சாளரங்களும் கணப்புகளும் பொருந்தின. வண்டி வந்து நிற்கும் வாயிலில் உயர்ந்த தூண்களையுடைய முகப்பு மண்டபம். நடனக் கூடம் பின்வந்த ஆளுநர் காலத்தில் சேர்ந்தது.

கட்டடம் என்ற முறையில் மட்டும் பார்த்தால், ஸ்டோவின் கம்பீரம் இதற்கில்லை என்றே நமக்குத் தோன்றுகிறது. பின்னணியிலுள்ள மலை அத்துணைப் பெரிது; அதன் முன் எந்தத் தூணும் சிறுத்துவிடுகிறது. சமவெளிக்கென்று வகுத்த இலக்கணத்தைச் சரிவில் எழுதினால் இப்படித்தான் ஆகும்.

மலையடிவாரத்தில் அதே நாளில் நடந்தது என்ன? பஞ்சத்தின் தொடக்கத்தில் ஆளுநர் அரசு சார்பில் தானியம் வாங்கிச் சேமிக்க முற்பட்டார். வணிகத்தில் அரசு தலையிடலாகாது என்ற கொள்கையில் ஊன்றிநின்ற வைசிராய் லிட்டன் பிரபு அதனைக் கண்டித்தார். செலவைக் குறைக்கும்படி சர் ரிச்சர்டு டெம்பிள் என்ற அதிகாரியை அனுப்பினார். ஸ்டோவைக் கட்டியவரின் பெயரே இவருக்கும் வாய்த்திருந்தது வரலாற்றின் விநோதம்! 1877 தொடக்கத்தில் அவர் வகுத்த கூலி இது: நிவாரண வேலையில் மண் சுமக்கும் ஓர் ஆண்மகனுக்கு நாளொன்றுக்கு ஓர் இராத்தல் தானியத்தின் விலையும் ஓர் அணாவும். ஓர் இராத்தல் என்பது நம் இன்றைய அளவில் ஏறத்தாழ 450 கிராம். கடும் உழைப்புக்கு அது போதாது என்று சென்னையின் சுகாதார ஆணையர் மருத்துவர் கார்னிஷ் வலியுறுத்தி எதிர்த்தார். ஆளுநரும் மனமொப்பாமலே அதனை ஏற்றார். அவ்வாண்டிலேயே கூலி உயர்த்தவும் பட்டது. அதற்குள் போன உயிர்கள் போனவையே. சல்லிவன் தோடரிடம் ஓர் ஏக்கருக்குக் கொடுத்த ஒரு ரூபாய், அக்கணக்கில் பஞ்சக் கூலியாளின் பதினாறு நாள் அணா.

1877 செப்டம்பரில் லிட்டன் பிரபு தென்னாட்டைப் பார்வையிட வந்து உதகைக்கும் ஏறினார். அங்கிருந்து தம் மனைவிக்கு எழுதிய மடலில், அவ்வூரின் மழையும் சேறும் அப்படியே ஆங்கில நாட்டு மழையும் சேறுமாக இருப்பதாக வியந்து மகிழ்ந்தார். மழையில்லாமல் மடிந்துகொண்டிருந்த நாட்டைப் பார்வையிட வந்தவர் எழுதிய மடல் அது. தீயவர் என்று அவரைச் சொல்லிவிட்டுப் போவது எளிது. அவர் அந்நேரத்தில் தம் ஊரில் இருந்தார் என்பதே உண்மை. சாளரமும் கணப்பும் புல்வெளியும் அவருக்கு அப்படிச் சொல்லிக்கொடுத்தன. லூக்கா நற்செய்தியில் வரும் செல்வன் இலாசரை அடித்ததாகவோ விரட்டியதாகவோ ஆண்டவர் கூறவில்லை என்பதைப் பங்குக் குருக்கள் மறையுரையில் சுட்டக் கேட்டிருக்கிறோம். அவன் வாயிலில் படுத்திருந்தான், செல்வன் உள்ளே விருந்துண்டான், அவ்வளவே.

அக்காலத்தில் கடல்வழியாக வந்த தானியமும் இருப்புப் பாதை வழியாகத்தான் உள்நாட்டுக்கு ஏறியது. அதே பாதையில் ஆளுநரும் வைசிராயும் சென்றனர். அதன் ஓரமாகவே ஊரைவிட்டுப் புறப்பட்ட குடும்பங்களும் நடந்தன. தேயிலை, காப்பித் தோட்டங்களைத் தேடி இலங்கைக்கும் மலைகளுக்கும் போனவர் பலர். சூலூருக்கு அண்மையிலுள்ள கருமத்தம்பட்டியில் பழம்பெரும் செபமாலை அன்னை ஆலயம் இருக்கிறதல்லவா? கோவை மறைப்பணித் தளத்தின் தொடக்க நாள்களில் தலைமை இடமாயிருந்தது அது. பஞ்ச ஆண்டுகளில் கோவையின் ஆயராயிருந்தவர் பாரிஸ் வேதபோதக சபையைச் சேர்ந்த ஜோசப் பார்தூ ஆண்டகை. தென்னாடெங்கும் மறைப்பணித் தளங்கள் அனாதைப் பிள்ளைகளை ஏற்றுக்கொண்ட காலம் அது. பஞ்சத்தில் எடுத்து வளர்க்கப்பட்ட பிள்ளையின் வழியில் வந்தோம் என்று சொல்லிக்கொள்ளும் குடும்பங்கள் நம் பழைய பங்குகளில் இருக்கக்கூடும். வீட்டிலுள்ள பெரியவர்களைக் கேட்டுப் பார்க்கலாம். இன்னும் சில ஆண்டுகள் கழித்தால் கேட்பதற்கு எவரும் இரார்.

கோமகன் 1880-இல் ஊர் திரும்பினார். சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்துப் பஞ்ச நிவாரண வேலையாக 1877–78-இல் வெட்டப்பட்ட கால்வாய்ப் பகுதியால், அந்நெடுங்கால்வாய் முழுவதற்கும் பக்கிங்ஹாம் என்ற பெயர் நிலைத்தது. ஓர் இராத்தல் தானியத்துக்கும் ஓர் அணாவுக்கும் மண் சுமந்தவர் பெயர் எதிலும் இல்லை. 1889-இல் ஆண் வாரிசின்றி அவர் இறக்கவே, கோமகன் பட்டமும் அவரோடு மறைந்தது. ஸ்டோவ் மாளிகையில் சிறிது காலம் பிரெஞ்சு அரச குடும்பத்தைச் சேர்ந்த பாரிஸ் பிரபு வாடகைக்கு வாழ்ந்து 1894-இல் அங்கேயே இறந்தார். 1921-இல் மாளிகை விலைபோயிற்று; 1923 முதல் அது ஒரு பள்ளிக்கூடம். கல் பங்களா கல்லூரியானது போலவே ஸ்டோவும் பிள்ளைகளின் கைக்கு வந்தது. உதகை மாளிகை மட்டும் இன்றும் ஆளுநருக்கே உரியதாக இருக்கிறது.

செல்ல விரும்பும் குடும்பங்களுக்குச் சில சொற்கள். கோவையிலிருந்து உதகை ஏறத்தாழ 85 கிலோமீட்டர். நேரமுள்ளவர்கள் மேட்டுப்பாளையத்தில் மலை இரயிலைப் பிடிப்பது நல்லது. 1899-இல் குன்னூர் வரையும் 1908-இல் உதகை வரையும் போடப்பட்ட அப்பாதை 2005-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. ஆளுநர் மாளிகைக்குள் பொதுமக்கள் விரும்பியபோது நுழைய இயலாது. பூங்காவின் மேற்பகுதியிலிருந்து மரங்களினூடே பார்ப்பதோடு அமைய வேண்டும். கல் பங்களாவைப் பார்க்கக் கல்லூரியில் அனுமதி கேட்க வேண்டும்.

பூங்காவின் மேற்கோடி வரை ஏறத் தயங்காதீர்கள். கண்ணாடி வீடுகளையும் பாத்திகளையும் கடந்து மேலே சென்றால் தோடர் மந்து ஒன்று உள்ளது. தோடர்களில் பெரும்பாலோர் இப்போது ஓட்டு வீட்டிலும் கான்கிரீட் வீட்டிலும் வாழ்கின்றனர். பழைய முறை வீடுகள் மிகச் சிலவே எஞ்சியுள்ளன. மூங்கிலை வளைத்து, பிரம்பால் பிணைத்து, புல் வேய்ந்து, கவிழ்த்த பீப்பாயைப் பாதியாக அறுத்து வைத்தாற்போல் இருக்கும் அவ்வீடு. புகைபோக்கி இல்லை. ஆனாலும் மலைக்குளிரில் உள்ளே கதகதப்பு நிற்கும். முகப்பு முழுவதும் மூடியிருக்க, நடுவே மூன்றடி உயரத்தில் ஒரே ஒரு வாயில். வீட்டுக்குரியவரும் விருந்தினரும் அதில் முழங்காலிட்டுத்தான் நுழைய வேண்டும். படம் எடுக்க விரும்பினால் வீட்டாரைக் கேட்டு எடுங்கள். மாலையில் மூடுபனி இறங்குமுன் கீழே வந்துவிடுங்கள், மேற்பாதை வழுக்கும்.